உப்பு விழாத உலை

"சந்தோஷம் எந்த மருந்துக் கடையில விக்குது?" என்று கேட்டார் கொம்பையா.

மணல்மேட்டின் உச்சியில் ஓர் ஓலைக் குடிசை. அதன் வாசலில் உட்கார்ந்து, சாமியாரம்மா என்று ஊர் சொல்லும் மொட்டையம்மாள் கஞ்சிப் பானையைத் துழாவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யாருக்கு வேணும், அண்ணாச்சி?"

"எம் பெண்டாட்டிக்கு. டாக்டர் சொல்லிட்டான். உடம்புல ஒரு நோயும் இல்லையாம். மனசு விட்டுப்போச்சாம். சந்தோஷமா வெச்சுக்கோங்கன்னான். சொல்லிட்டு பீஸையும் வாங்கிக்கிட்டான்."

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். உப்பளத்தில் காலை வேலை முடித்து, வீட்டுக்குப் போகும் வழியில் அங்கே இளைப்பாறுகிறவர்கள். கால்களில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

"சிரிங்க. நல்லா சிரிங்க," என்றார் கொம்பையா. "அங்க ஒருத்தி சாகக் கிடக்கா."

சிரிப்பு நின்றது.

கொம்பையாவைத் தெரியாதவர் அந்தக் கரையில் இல்லை. உப்பளத் தொழிலாளர் சங்கத்துக்காரர். சிறைக்குப் போனவர். முதலாளிகளிடம் ஒரு காபி வாங்கிக் குடித்தார் என்று எவனும் சொல்ல முடியாது. கடவுளைக் கும்பிட்டதில்லை. எந்தச் சாமியார் வாசலையும் மிதித்ததில்லை.

இன்று மிதித்திருந்தார்.

"நான் உன்னைக் கும்பிட வரல," என்றார்.

"கும்பிடாதீங்க. கஞ்சி அடிப்பிடிச்சிரும்."

"உம்மேல எனக்குக் கோவம்தான் உண்டு. இவளுக இங்க வந்து சிரிச்சுட்டுப் போறாளுக. சிரிச்சவ கொடி பிடிக்க வரமாட்டா. அதனாலதான் எம் பெண்டாட்டிய இந்தப் பக்கமே விடல."

"பிறகு எதுக்கு வந்தீங்க?"

கொம்பையா தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி போட்டார்.

"பக்கத்து வீட்டு எஸ்தர்ட்ட சொல்லியிருக்கா. 'மணல்மேட்டுக்கு ஒருதடவ போயிருக்கலாம்'னு. அதுக்குப் பிறகு பேச்சில்ல. சோறும் இல்ல. சுவத்தைப் பாத்துப் படுத்திருக்கா."

"அவங்க பேரு என்ன?"

"சந்தனமாரி."

"என்னைக்குப் படுத்தாங்க?"

"எனக்குப் பாராட்டு விழா வெச்சாங்களே, அன்னைக்கு."

"அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"நல்லதுதான் நடந்துச்சு. பொன்னாடை போட்டாங்க. பேசினாங்க. நான் அவளையும் மேடைக்குக் கூப்பிட்டேன். அதுவரைக்கும் அவ மேடையே ஏறுனதில்ல. எல்லாருக்கும் முன்னால நிக்க வெச்சு, 'என் கொள்கைக்கு இவ சாட்சி'ன்னு சொன்னேன். ஊரே கைதட்டுச்சு. வீட்டுக்கு வந்தா. படுத்தா. எந்திரிக்கல."

மொட்டையம்மாள் துழாவுவதை நிறுத்தினாள்.

"சாப்பிட்டீங்களா, அண்ணாச்சி?"

"இங்க நான் கை நனைக்க மாட்டேன். எனக்கு உப்பு ஆகாது."

"ரத்தக் கொதிப்பா?"

"கொள்கை!" என்றார் கொம்பையா.

பெண்களில் மூத்தவளான குருவம்மாள், "அது பெரிய கதை அம்மா. நான் அந்தக் கூட்டத்துல இருந்தேன்," என்றாள்.

"நீ சும்மா இரி. நான் சொல்லுதேன்."

சொன்னார்.

அப்போது உப்பளத்தில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. சுற்றிலும் தண்ணீர், ஒரு மடக்கு வாயில் வைக்க முடியாது. வெயிலில் ஒரு பெண் உப்புப் பாத்தியிலேயே விழுந்து செத்தாள். அன்று மாலை மேடையில் கொம்பையா சபதம் செய்தார். அளத்துக்குக் குடிதண்ணீர் வரும்வரை என் வீட்டு உலையில் உப்பு விழாது. உப்பு விளைவிக்கிற ஊரில் உப்பில்லாமல் தின்பேன். முதலாளிக்கு வெட்கம் வரட்டும்.

கைதட்டல் கடல்வரை கேட்டது.

கைதட்டியவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய் உப்புப் போட்ட குழம்பைத்தான் சாப்பிட்டார்கள். அது எப்போதும் அப்படித்தான். ஒருவன் சபதம் செய்வான். ஊர் கைதட்டும். அவன் வீட்டில் ஒருத்தி அதைச் சமைப்பாள்.

"தண்ணி வந்துச்சா?" என்று கேட்டாள் மொட்டையம்மாள்.

"வந்துச்சு. தொட்டி கட்டிக் குடுத்தாங்க."

"அன்னைக்கு லட்டு குடுத்தாங்க அம்மா," என்றாள் குருவம்மாள். "நாங்க தொட்டியைச் சுத்திக் குலவை போட்டோம். அண்ணாச்சி மட்டும் லட்ட வாங்கல."

"எதுக்கு வாங்கணும்? அது தொட்டியா? பூனை குளிக்கக் காணாது! அதுக்கு ஒரு குலவை! கூலி கேட்டா தொட்டி குடுக்கான். அதை வெற்றின்னு சொன்னா நாளைக்கு எவன் போராடுவான்? அதனால மேடையிலயே சொல்லிட்டேன். சபதம் முடியல. கூலி உயரும்வரைக்கும் உப்பு இல்ல."

"கூலி உயந்துச்சா?"

"உயந்துச்சு. அது ஒரு உயர்வா? மழைக்காலத்துல அளத்துல வேலை இல்ல, அதுக்கு நிவாரணம் வேண்டாமா?"

"அப்ப இன்னும் உப்பு இல்ல."

"இல்ல. வெளியூர் போனாலும் அவ பொங்கின சோறு தூக்குச்சட்டியில கூடவே வரும். வேற வீட்டுல பச்சத்தண்ணிதான். கொள்கைன்னா அது."

"இப்ப யாரு பொங்குதா?"

"எஸ்தர். உப்புப் போட்டா தட்டைத் தூக்கி எறிவேன்னு சொல்லி வெச்சிருக்கேன். எறியுத ஆளுதான் நான். அவளுக்குத் தெரியும்."

மொட்டையம்மாள் எழுந்தாள். ஒரு மண்கிண்ணத்தில் கஞ்சி மொண்டாள். அவர் முன்னால் வைத்தாள்.

"உப்புப் போட்டிருக்கியா?"

"குடிங்க அண்ணாச்சி. குடிச்சாத் தெரியும்."

கொம்பையா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. வெயிலில் நடந்து வந்திருந்தார். கிண்ணத்தை எடுத்தார். உப்பிருந்தால் துப்பிவிடலாம் என்று ஒரு வாய் குடித்தார். உப்பில்லை என்று நாக்கு சொன்னது. பேசத் தொடங்கினார்.

அவர் பேச்சு அந்தக் கரையில் பேர்போனது.

"சந்தோஷமா இரு, நல்லதே நடக்கும். இதை யாரு சொல்லுதா? வயிறு நெறஞ்சவன் சொல்லுதான். வயிறு காஞ்சவன் அதை நம்புதான். நம்பிட்டா அவனுக்குக் கோவம் வராது. கோவம் வரலன்னா கூலி உயராது. தீவாளிக்கு முதலாளி ஒரு பொட்டலம் இனிப்பு குடுப்பான். அதைத் தின்னவன் மறுநாள் ஊர்வலத்துக்கு வரமாட்டான். நான் பாத்திருக்கேன்!"

கிண்ணம் காலியானது. நீட்டினார்.

மொட்டையம்மாள் இன்னொரு கிண்ணம் மொண்டாள். பக்கத்திலிருந்த தேங்காய்ச் சிரட்டையிலிருந்து நிறைய உப்பு எடுத்தாள். எல்லோரும் பார்க்க அதில் போட்டுக் கலக்கினாள். அவர் கையில் கொடுத்தாள்.

கொம்பையா கடலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"நம்பிக்கை நம்பிக்கைன்னு சொல்லுதானுக. நான் என்னைக்காவது நாளைக்கு நல்லாயிரும்னு சொல்லியிருக்கேனா? நாளைக்கு இதைவிட மோசமாவும், தயாரா இருங்கன்னுதான் சொன்னேன். அப்படிச் சொல்லித்தான் இவ்வளவும் வாங்கிக் குடுத்தேன்!"

குடித்தார்.

பெண்கள் அசையாமல் இருந்தார்கள். குருவம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்கூட இருந்தவன்லாம் போயிட்டான். ஒருத்தன் கடை வெச்சுட்டான். ஒருத்தன் பேரப்பிள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டு அலையுதான். கேட்டா, சந்தோஷமா இருக்கேன் அண்ணாச்சிங்கான். வெட்கமில்லாம சொல்லுதான்."

மறுபடி நீட்டினார்.

இந்த முறை மொட்டையம்மாள் சிரட்டையையே கிண்ணத்தில் கவிழ்த்தாள். கற்கள் விழுவதுபோல் சத்தம் கேட்டது.

அவர் வாங்கினார். பாதி குடித்தார். தொண்டை கரகரத்தது. பேச்சின் வேகம் என்று நினைத்துக் கனைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அந்த அமைதி அவருக்கு உறைத்தது. கைதட்டல் இல்லை. சிரிப்பு இல்லை. எல்லாக் கண்களும் அவர் கையிலிருந்த கிண்ணத்தின் மேல்.

"ஏன் இப்படிப் பாக்கீங்க?"

அவர் குருவம்மாள் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி குருவம்மா, என்ன?"

"அண்ணாச்சி..." அவள் குரல் உடைந்தது. "அதைக் குடிக்க முடியாது, அண்ணாச்சி."

பக்கத்திலிருந்த ஒருத்தி கிண்ணத்தை அவர் கையிலிருந்து வாங்கினாள். விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். மணலில் துப்பினாள். திரும்பத் திரும்பத் துப்பினாள்.

கொம்பையா கிண்ணத்துக்குள் பார்த்தார். அடியில் கரையாத உப்பு வெள்ளையாகக் கிடந்தது.

அவர் முகம் கறுத்தது.

"பாவி! என் விரதத்தைக் கெடுத்துட்டியே! போலீஸ் கெடுக்க முடியாததை, முதலாளி கெடுக்க முடியாததை, கஞ்சிய ஊத்திக் கெடுத்துட்டியே!"

மொட்டையம்மாள் கையைக் கழுவினாள்.

"எந்தக் கிண்ணத்துல கெட்டுச்சு, அண்ணாச்சி?"

"என்ன?"

"மூணு கிண்ணம் குடிச்சீங்க. எதுல கெட்டுச்சு?"

கொம்பையா விரலை மடக்கி எண்ணினார்.

"முதல் கிண்ணத்துல நீ உப்புப் போடலையே."

"எங்க எல்லாருக்கும் பொங்குன பானை அது. இவங்க யாரும் விரதம் இல்ல."

கொம்பையா குனிந்தார். சிரட்டையின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு கல் உப்பை எடுத்தார். நாக்கில் வைத்தார். காத்திருந்தார்.

பல்லில் நறநறத்தது. அவ்வளவுதான். ஆற்றுமணலை வாயில் போட்டதுபோல் இருந்தது.

இன்னொரு கல்லை எடுத்தார். அதுவும் அப்படித்தான்.

நாக்கை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"என் நாக்கு எப்பப் போச்சு?" என்றார். அது அவர் குரலாக இல்லை.

"எனக்கு எப்படித் தெரியும்? உங்க வீட்டுல பொங்கிப் போட்டவங்களுக்குத்தான் தெரியும்."

"அவதான் பேசலையே. என்னத்தன்னு கேக்க?"

மொட்டையம்மாள் பானையை மூடினாள்.

"'எப்ப இருந்து'ன்னு மட்டும் கேளுங்க."

"எது எப்ப இருந்து?"

"அதை அவங்க சொல்லுவாங்க."

அவள் குடிசைக்குள் போய்விட்டாள்.

கொம்பையா மேட்டிலிருந்து இறங்கினார். வழி நெடுக உப்பு குவித்து வைத்திருந்தார்கள். வெயிலில் கண் கூசியது. வழியில் வணக்கம் சொன்னவர்களுக்கு அவர் பதில் வணக்கம் சொல்லவில்லை. அண்ணாச்சி யாரோடோ சண்டைக்குப் போகிறார் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள்.

வீட்டில் எஸ்தர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். கையில் கஞ்சிக் கிண்ணம். ஆறிப்போய் ஆடை படர்ந்திருந்தது.

"ஒரு வாய் கூட வாங்கல அண்ணாச்சி," என்றாள்.

சந்தனமாரி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முதுகெலும்பு சேலைக்கு மேல் தெரிந்தது. இவ்வளவு சிறிய முதுகா என்று அவருக்குத் திக்கென்றது.

அவர் தரையில் உட்கார்ந்தார். அந்த வீட்டில் அவர் அவளுக்குக் கீழே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"எப்ப இருந்து?" என்றார்.

முதுகு அசையவில்லை.

"மாரி. எப்ப இருந்து?"

பிறகு அவள் மெல்லத் திரும்பினாள். கண்கள் குழிக்குள் கிடந்தன. ஆனால் விழித்திருந்தன.

"தண்ணித் தொட்டி வந்த அன்னைக்கு இருந்து," என்றாள்.

எஸ்தரின் கையிலிருந்த கிண்ணம் தளும்பியது.

"எது?" என்றார் கொம்பையா. அவருக்கு அது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டார்.

"உப்பு."

அவள் குரல் காய்ந்திருந்தது. நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"அன்னைக்குச் சாளை மீன் வாங்கினேன். குழம்பு வெச்சேன். ஊரே குலவை போடுது. நீங்க தண்ணி வரும்வரைக்கும்னுதான சொன்னீங்க. வந்துட்டு. உப்பு போட்டேன். ஒரு வாய் வெச்சதும் என்னை நிமிந்து பாப்பீங்கன்னு நெனச்சேன்."

"நான் என்ன செஞ்சேன்?"

"பேப்பர் படிச்சீங்க. தொட்டி சின்னதா இருக்குன்னு ஏசினீங்க. ஏசிக்கிட்டே ரெண்டு தடவ சோறு வாங்குனீங்க. கை கழுவிட்டு மேடைக்குப் போயிட்டீங்க. கூலி உயரும்வரைக்கும் உப்பு இல்லன்னு சொன்னீங்களாம். குழம்பு வாசனை கையிலேயே இருந்திருக்கும்."

"சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா தட்டு பறக்கும். இன்னைக்குக் கோவத்துல இருக்காக, நாளைக்குத் தெரிஞ்சிரும்னு இருந்தேன். மறுநாளும் போட்டேன். நாளைக்குத் தெரியும், நாளைக்குத் தெரியும். அந்த நெனப்புலதான் காலைல எந்திரிப்பேன். ஒருநாள் ஒரு கல்லு கூடப் போடுவேன். ஒருநாள் கொறப்பேன். நீங்க மெல்லுறப்ப ஒங்க மொகத்தையே பாத்துக்கிட்டு இருப்பேன். பயமாத்தான் இருக்கும். ஆனா நல்லா இருக்கும். சின்னப் பிள்ளைக ஒளிஞ்சு வெளையாடுமே, அது மாதிரி."

அவள் மூச்சு வாங்கினாள்.

"கூலி உயந்தப்ப பாயசம் வெச்சேன். அதையும் குடிச்சீங்க. அதுவும் தெரியல."

கொம்பையா கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பிறகு அன்னைக்கு மேடையில கூப்பிட்டு நிக்க வெச்சீங்க. இந்த வீட்டுல உப்பு விழுந்ததே இல்ல, இவதான் சாட்சின்னீங்க. சனம் தட்டுது. நீங்க அழுதீங்க. நெசமாவே கண்ணீர் விட்டீங்க. அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. இனிமே ஒங்களுக்குத் தெரியவே போறதில்ல. நாளைக்கு எந்திரிச்சு என்ன செய்யன்னு தோணுச்சு. படுத்துட்டேன்."

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துப் போனது.

சந்தனமாரி அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் அப்போதுதான் முதல் தடவையாகக் கண்டார். தினமும் சோற்றுத் தட்டுக்கு மேலே காத்திருந்த பார்வை.

"இன்னைக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள். "நாக்குல தெரிஞ்சுதா?"

எஸ்தர் கொம்பையாவைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லுங்கள் என்று அவள் கண் கெஞ்சியது. ஒரு சொல். அதில் ஓர் உயிர் எழுந்து உட்காரும்.

கொம்பையா வாய் திறந்தார். மேடையில் எத்தனையோ சொன்ன வாய்.

"இல்ல," என்றார். "தெரியல. மொட்டையம்மா கஞ்சியில சிரட்டை உப்பையும் கொட்டினா. குடிச்சேன். அப்பவும் தெரியல. குருவம்மா சொல்லித்தான் தெரியும். கல்லு உப்பை எடுத்துத் தின்னு பாத்தேன். மண்ணு மாதிரி இருக்கு, மாரி. எனக்கு ஒண்ணுமே தெரியல."

எஸ்தர் கண்ணை மூடிக்கொண்டாள்.

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கொம்பையா பதறி எழுந்தார். மூச்சு முட்டுகிறது என்று நினைத்தார். அவள் தோள் குலுங்கியது. நெஞ்சு ஏறி இறங்கியது.

"எஸ்தர்! தண்ணி! தண்ணி கொண்டா!"

"இருங்க அண்ணாச்சி," என்றாள் எஸ்தர். அவள் முகம் பேயறைந்ததுபோல் இருந்தது. "அக்கா சிரிக்காங்க."

சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஓசை பழகாததால் அவருக்குத் தெரியவில்லை.

"சிரட்டை உப்பையுமா?" என்றாள் சந்தனமாரி. கண்ணில் நீர் வழிந்தது. "அப்ப நான் ஒரு கல்லு கூட்டியும் கொறச்சும் என்னத்தைக் கண்டேன்! அரிச்சந்திரன் வீட்டுச் சாட்சி! இவ்வளவு வருசமும் மேடைக்கு மேடை பொய் சொல்லியிருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

கொம்பையாவைப் பொய்யன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. சொன்னவன் சட்டையைப் பிடித்திருப்பார். இன்று கையைக் கட்டி நின்றார்.

சிரிப்பு இருமலாகி ஓய்ந்தது. அவள் முழங்கையை ஊன்றினாள். எஸ்தர் தாங்கி உட்கார வைத்தாள்.

"பசிக்கி," என்றாள் சந்தனமாரி.

எஸ்தர் ஆறிய கஞ்சியை வாயருகே கொண்டு போனாள். ஒரு மடக்கு. முகத்தைச் சுளித்தாள்.

"ஏட்டி, இது என்ன கஞ்சி? உப்பே இல்ல."

"ஒங்க வீட்டுக்காரர்தான் அக்கா, போட்டா தட்டை எறிவேன்னு..."

இரண்டு பெண்களும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கொம்பையா அடுப்படிக்குப் போனார். வேகமாகத்தான் போனார். அங்கே நின்றுவிட்டார். டப்பாக்கள் இருந்தன. பானைகள் இருந்தன. தன் வீட்டு அடுப்படி. எதில் என்ன இருக்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்தார். அரிசி. பருப்பு. வத்தல். மூடினார்.

"மாரி," என்று கூப்பிட்டார். "உப்பு எங்க இருக்கு?"

"அடுப்படியில நீங்க தினமும் உக்காந்து சாப்பிடுத எடத்துல," என்றாள் அவள் உள்ளேயிருந்து. "தலைக்கு மேல."

கொம்பையா நிமிர்ந்து பார்த்தார்.